மூன்று பூண்டும் ஒரு தம்ளர் தண்ணீரும்: ஷார்தான் வழியில் ஆயில் பெயின்டிங் கற்றுத்தரும் ஒரு கோர்ஸ்

பிரெஞ்சு ஓவியர் ஷார்தானைப் பின்பற்றி ஸ்டில் லைஃப், அதாவது மேசைமேல் அடுக்கிய பொருள்களை, வரையக் கற்றுத்தரும் ஒரு காணொளிப் பாடத்தில் சேர்ந்து முடித்தேன். நான்கு பகுதிகள். முதல் இரண்டில் அவருடைய இரண்டு ஓவியங்களைப் பிரதி எடுக்க வேண்டும். மூன்றாவதில் நம்மிடம் இருக்கும் பொருள்களை அவர் வைக்கும் விதத்தில் வைத்து, அவர் பார்க்கும் விதத்தில் பார்த்து வரைய வேண்டும். நான்காவது பகுதி மெருகும் வார்னிஷும். வரைந்ததைப் படம் எடுத்து அனுப்பினால் ஆசிரியை அதன்மேலேயே கோடு போட்டுப் பேசி, திருத்தத்தைத் திருப்பி அனுப்புகிறார். கோர்ஸின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒரு மேதையைப் பிடித்துக்கொண்டு ஆயில் கற்றுத்தருகிறோம் என்று இதே அமைப்பில் பலர் நடத்துகிறார்கள். இங்கே நான் சொல்வதில் பெரும்பகுதி அவற்றை எடைபோடவும் உதவும்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. பென்சிலிலும் வாட்டர்கலரிலும் பல வருடமாகக் கிறுக்குகிறவன். ஆயிலைத் தொட்டது இப்போதுதான். தொழில் மெய்ப்புத் திருத்துவது. அதனால் குறை கண்ணில் படுவது கொஞ்சம் சீக்கிரம். இந்த மதிப்புரையில் அது தெரியும்.

ஏன் ஷார்தான்? ழான் சிமியோன் ஷார்தான் (1699–1779) பாரிஸ்காரர். அரசர்களும் தேவதைகளும் வரையப்பட்ட காலத்தில் செம்புப் பானை, தம்ளர், வெங்காயம், பீங்கான் கிண்ணம் என்று வரைந்தவர். 1728-இல் ‘திருக்கை மீன்’ என்ற ஓவியத்தையும் ‘பஃபே’ என்ற ஓவியத்தையும் காட்டி பிரான்ஸின் ராயல் அகாதமியில் இடம் பிடித்தார். இரண்டும் இன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்தத் திருக்கை மீனைப் பின்னாளைய ஓவியர் மத்தீஸ் லூவரில் உட்கார்ந்து பிரதி எடுத்தார். இன்னொரு ஓவியர் சூத்தின் 1920-களில் அதை வைத்துத் தன் போக்கில் சில திருக்கைகளை வரைந்தார். ஆக, இவரைப் பார்த்து வரைந்து கற்றவர்கள் வரிசை நீளமானது. வரிசையின் கடைசியில் போய் நிற்க வெட்கப்பட ஒன்றுமில்லை.

கற்பவருக்கு ஷார்தான் பொருத்தமானவர் என்பதற்கு இன்னும் நேரான காரணம் உண்டு. அவருடைய பின்னாள் ஸ்டில் லைஃப்கள் பல சிறியவை, பொருள்கள் சொற்பம், வண்ணங்கள் அடக்கமானவை. டச்சு ஓவியர்களின் விருந்து மேசையைப் பிரதி எடுக்கச் சொன்னால் எலுமிச்சைத் தோலின் சுருளிலேயே ஆள் படுத்துவிடுவான். அங்கே கை வித்தை முதலில் கண்ணில் படுகிறது. ஷார்தானிடம் வித்தை மறைந்துகொள்கிறது. எப்படி மறைகிறது என்று தேடுவதுதான் பாடம்.

முதல் பகுதிக்கு எடுத்துக்கொண்டிருப்பது ‘ஒரு தம்ளர் தண்ணீரும் காபிப் பானையும்’. 1761 வாக்கில் வரைந்தது. இப்போது பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 32-க்கு 41 சென்டிமீட்டர். ஒரு கண்ணாடித் தம்ளர், ஒரு பானை, மூன்று பூண்டு, ஒரு கொத்து இலை. அவ்வளவுதான். இதை ரா அம்பர் என்ற மண் பழுப்பும் வெள்ளையும் மட்டும் வைத்து ஒரே நிறத்தில் வரைய வேண்டும்.

இந்தப் பகுதி பிரமாதம். பிரஷைத் தொடுவதற்கு முன்பே பேலட் நைஃபால் ஐந்து குவியல் கலக்கச் சொல்கிறார்: மிக இருண்டது, மிக வெளிறியது, நடுவில் மூன்று. படத்தில் உள்ள எல்லாவற்றையும் இந்த ஐந்துக்குள் அடக்க வேண்டும். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் பானையின் நிழல் பக்கமும் அதன் பின்னால் உள்ள சுவரும் ஒரே குவியலில் விழுகின்றன. அப்படியானால் அங்கே விளிம்பே இல்லை. பானை எங்கே முடிகிறது என்று நமக்குத் தெரியும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. ஆசிரியை அந்த இடத்தில் நிறுத்தி, “தெரிந்ததை வரையாதீர்கள்” என்று சொல்லிவிட்டு, பிரஷைக் குறுக்கே ஒரு இழுப்பு இழுத்து விளிம்பைக் கரைத்துவிடுகிறார். பார்த்தால் சாதாரணம். ஆனால் அந்த ஒரு இழுப்பில் பானை பலகையை விட்டு எழுந்து காற்றுக்குள் போய் நிற்கிறது.

தம்ளர்ப் பாடம் அதற்கும் மேல். கண்ணாடியை வரையவே விடுவதில்லை. முதலில் சுவரை முழுசாக வரைய வேண்டும், தம்ளர் இருக்கும் இடத்திலும் சேர்த்து. அப்புறம் தண்ணீர் இருக்கும் பரப்பில் மட்டும் டோனை, அதாவது வெளிச்சம் இருட்டின் அளவை, ஒரு சொட்டு மாற்ற வேண்டும். பிறகு தண்ணீர் மட்டத்தின் நீள்வட்டம், அடிக்கண்ணாடியின் கனம். கடைசியில் ஒளிப்புள்ளி, கெட்டியான வெள்ளையை ஒரே தொடுகையில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். திரும்பத் தேய்த்தால் அடியில் உள்ள ஈரப் பழுப்பு மேலே வந்து சாம்பலாகிவிடும். வாட்டர்கலரில் வெள்ளைக்காகக் காகிதத்தை முன்கூட்டியே விட்டுவைத்துப் பழகியவனுக்கு, வெளிச்சத்தைக் கடைசியில் கொண்டுவந்து வைக்கலாம் என்பதே ஒரு விடுதலை.

பிரதி எடுப்பதற்கு இரண்டு கட்டுப்பாடு வைத்திருக்கிறார். மூலத்தின் அளவில் வரையக் கூடாது. பின்பக்கத்தில் ‘ஷார்தானைப் பார்த்து’ என்று எழுத வேண்டும். லூவரில் இன்றும் அனுமதி பெற்றுப் பிரதி எடுப்பவர்களுக்கு, மூலத்தைவிட ஐந்தில் ஒரு பங்காவது சிறிதாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும் என்ற விதி உண்டு. பிரதியை மூலமென்று யாரும் விற்றுவிடக் கூடாது என்பதற்காக. நம் பிரதியை அப்படி யாரும் தூக்கிக்கொண்டு போகப்போவதில்லை என்றாலும் பழக்கம் நல்லது.

இரண்டாம் பகுதியில் வண்ணம் வருகிறது. என் புகாரும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எடுத்துக்கொண்ட ஓவியம் லூவரில் உள்ள ‘வெள்ளிக் கோப்பை’. ஆப்பிள்கள், கிண்ணம், வெள்ளிக் கோப்பை. தேர்வு அருமை. ஆப்பிளின் சிவப்பு கோப்பையின் வயிற்றில் மங்கலாகப் போய் உட்கார்ந்திருக்கிறது. வெள்ளிக்கென்று தனி நிறம் கிடையாது, பக்கத்தில் இருப்பவர்களிடம் கடன் வாங்கியதுதான் எல்லாம் என்று புரியவைக்க இதைவிட நல்ல படம் கிடைக்காது. சிக்கல், அவர்கள் தரும் படக் கோப்பு. அதே ஓவியத்தை இணையத்தில் தேடிப் பாருங்கள். ஒன்றில் சுவர் பச்சை கலந்த பழுப்பு, இன்னொன்றில் செம்பழுப்பு, மூன்றாவதில் ஏறக்குறைய கறுப்பு. கோர்ஸ் தருவது பளிச்சென்று வெளிச்சம் ஏற்றிய நான்காவது ரகம். கணினித் திரை வேறு பின்னாலிருந்து ஒளி விடுகிறது. சாயம் அப்படி ஒளிவிடாது. இதை வைத்துக்கொண்டு ‘இந்த இடத்துக்கு இந்த நிறம்’ என்று சொட்டுச் சொட்டாகப் பொருத்தச் சொல்வது வீண் வேலை. டோனை ஒரு புகைப்படத்திலிருந்து கற்கலாம். வெதுவெதுப்பும் குளிர்ச்சியும் கலந்து விளையாடும் இந்த மாதிரி வண்ணத்தைக் கற்க முடியாது.

அதோடு விட்டார்களா? பர்ன்ட் அம்பர், யெல்லோ ஓக்கர், கொஞ்சம் ஐவரி பிளாக் சேர்த்து எண்ணெயில் இளக்கி, காய்ந்த படத்தின்மேல் மெலிதாகப் பூசினால் ‘ஷார்தான் பழுப்பு’ வந்துவிடும் என்று ஒரு குறுக்கு வழி. பழைய ஓவியங்களில் நாம் பார்க்கும் மஞ்சள் பழுப்பில் ஒரு பங்கு வயதான வார்னிஷின் நிறம். அதை ஓவியரின் பாணி என்று எடுத்துக்கொண்டு புதுப் படத்தில் பூசுவது என்ன நியாயம்? நான் பூசவில்லை. திருத்தத்தில் “இன்னும் பழுப்புச் சேர்க்கலாமே” என்று சொன்னார். சேர்க்கவில்லை.

இதே பகுதியில் நல்லதும் உண்டு, மறைக்கக் கூடாது. ஷார்தானின் சாயப்பரப்பு வழவழப்பானது அல்ல; கெட்டியாக, ஈர மணல் மாதிரி நொறுநொறுவென்று இருக்கும். கிட்டே போனால் எல்லாம் குழம்பித் தெரியும், தள்ளி நின்றால் பொருள்கள் திரும்ப உருவாகிவிடும் என்று எழுத்தாளர் திதரோ 1763-ஆம் ஆண்டுக் கண்காட்சியைப் பற்றி எழுதும்போதே வியந்திருக்கிறார். அந்தத் தடிப்புக்கு ஆசிரியை சொல்லும் வழி, சாயத்தில் கொஞ்சம் சுண்ணக்கல் பொடியைச் சேர்த்துப் பிசைவது. எண்ணெயில் நனைந்ததும் அந்தப் பொடி பெரும்பாலும் கண்ணாடி போல ஆகிவிடுவதால் நிறத்தை அதிகம் வெளுக்க வைக்காது, உடம்பு மட்டும் கொடுக்கும். டைட்டானியம் வெள்ளையை நேராகக் கலந்தால் எல்லாக் கலவையும் சில்லிட்டுச் சுண்ணாம்படித்த மாதிரி ஆகிவிடும். இந்தப் பொடி அந்தக் குணத்தையும் தணிக்கிறது. பழைய ஓவியர்களின் கையில் இருந்தது ஈய வெள்ளை. அது சீக்கிரம் காயும், வளைந்து கொடுக்கும், ஆனால் நஞ்சு. வீட்டில் வேண்டாம் என்று ஆசிரியை சொன்னது சரி.

ஆனால் அதற்கு மாற்றாக அடிப்படலத்துக்கு ஜிங்க் கலந்த வெள்ளையைச் சிபாரிசு செய்திருக்கிறார்; அது சரியில்லை. எண்ணெயில் ஜிங்க் வெள்ளை வருடங்கள் போகப் போக மொறுமொறுப்பாகி விரிசல் விடும், அடியிலிருந்து பெயரும் என்பது ஓவியங்களைப் பழுதுபார்ப்பவர்கள் அறிந்த விஷயம். அடியில் அதை வைத்து மேலே கெட்டியாக ஏற்றுவது தேவையில்லாத வம்பு. டியூபின் பின்பக்கத்தைப் படியுங்கள். முன்பக்கம் ‘டைட்டானியம்’ என்று போட்டிருந்தாலும் பின்னால் பொடி எழுத்தில் ஜிங்க் ஆக்ஸைடு ஒளிந்திருக்கலாம்.

இதைவிடப் பெரிய விடுபடல் ஒன்று. ஆயில் சாயத்தில் இருக்கும் ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் தானாகவே தீப்பிடிக்கக் கூடும். அந்த எண்ணெய் ‘உலர்வது’ என்றால் நீர் போல ஆவியாவது அல்ல, காற்றின் ஆக்ஸிஜனோடு சேர்ந்து இறுகுவது. அப்போது சூடு வெளிவரும். கசங்கிய துணிக்குள் அந்தச் சூடு போக வழியில்லை. துணியை விரித்துக் காயவிட வேண்டும், அல்லது மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைக்க வேண்டும். புதிதாக ஆயில் தொடுகிறவர்களுக்கான கோர்ஸில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. டர்பென்டைனுக்கு ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று மட்டும் இருக்கிறது.

பாட அட்டவணையும் உலர்வதை மறந்து போட்டது. அம்பரில் மாங்கனீஸ் இருப்பதால் மெல்லிய பூச்சு ஓரிரு நாளில் காய்ந்துவிடும். முதல் பகுதி அதனால் சரளமாக ஓடுகிறது. இரண்டாம் பகுதியில் டைட்டானியம் வெள்ளையும் ஐவரி பிளாக்கும் சேர்ந்து கெட்டியாக ஏறிய பிறகு, அடுத்த வாரம் மேலே பூசுங்கள் என்றால் எப்படி? விரல் வைத்தால் ஒட்டுகிறது. ஒரே நேரத்தில் இரண்டு பலகை வைத்து மாற்றி மாற்றி வேலை செய்தால் இந்தத் தொல்லை இல்லை.

மூன்றாம் பகுதி. காசு கொடுத்தது இதற்குத்தான் என்று சொல்ல வைத்த பகுதி.

ஒரு அட்டைப் பெட்டியின் இரண்டு பக்கத்தை வெட்டி, உள்ளே மங்கிய சாம்பல் பழுப்புப் பூசி, இடப்பக்கம் ஜன்னல் வெளிச்சம் மட்டும் விழும்படி வைக்கச் சொல்கிறார். அறை விளக்கை அணைத்துவிட வேண்டும். பொருள்கள்: பழசாக, பளபளப்பு இல்லாமல், பூ வேலைப்பாடு இல்லாமல். நான் எடுத்தது நசுங்கிய செம்புப் பாத்திரம், கண்ணாடித் தம்ளர், இரண்டு முட்டை, ஒரு வெங்காயம், ஒரு கத்தி. ஷார்தானும் அதே செம்புப் பானையை, அதே உரலை, அதே வெள்ளிக் கோப்பையைத் திரும்பத் திரும்ப வரைந்தவர்தான். அதனால் பகுதி முடியும்வரை பொருளை மாற்றக் கூடாது என்பது விதி. இடத்தை மட்டும் மாற்றலாம்.

பிறகு ஒரு முழுப் பாடம் வரைவதே இல்லை. நகர்த்துவது மட்டும். பாத்திரத்தை அரை விரல் தள்ளு, முட்டை அதன் நிழலுக்குள் போகட்டும், வெங்காயத்தின் வால் தம்ளரைத் தொடுகிறதா பார், தொட்டால் ஒன்று முன்னே வரட்டும் அல்லது தள்ளிப் போகட்டும். ஒவ்வொரு ஏற்பாட்டுக்கும் தீப்பெட்டி அளவில் பென்சில் குறிப்பு. அதை முடித்ததும், இருப்பதில் ஒன்றை எடுத்துவிடு என்கிறார். நான் கத்தியை எடுத்தேன். மேசை விளிம்பைத் தாண்டி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கத்திப்பிடி ஒரு பழைய தந்திரம். ‘திருக்கை மீன்’ படத்திலும் இருக்கிறது, ஆழம் கொடுக்கும். ஆனால் அது இருந்தவரை கண் நேராகக் கத்திக்குத்தான் போனது. எடுத்ததும் முட்டைக்கும் செம்புக்கும் இடையில் இருந்த சின்ன இருட்டு இடம்தான் படத்தின் மையம் என்று தெரிந்தது. முட்டையின் அடிப்பக்கத்தில் செம்பின் ஆரஞ்சு ஏறியிருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. திரையில் எந்தக் கோப்பும் காட்டித் தராத நிறம் அது. பொருளின் முன்னால் உட்கார்ந்தால் இலவசம்.

இங்கே திருத்தங்களும் தரமாக இருந்தன. பொதுவாக இந்த மாதிரி கோர்ஸ்களில் ‘அருமை, தொடருங்கள்’ என்று இரண்டு வார்த்தை வரும். இவர் என் படத்தைத் திறந்து, முட்டையின் ஒளிப்பக்கம், பாத்திரத்தின் வாய், வெங்காயத் தோல் மூன்றையும் வட்டம் போட்டு, மூன்றுக்கும் ஒரே அளவு வெளிச்சம் கொடுத்திருக்கிறீர்கள், இதில் யார் பெரியவர் என்று முடிவு செய்யுங்கள் என்றார். இரண்டைக் கால் படி இறக்கியதும் முட்டை உருண்டது. இன்னொரு தடவை, பாத்திரத்தின் நிழல் பக்க விளிம்பில் சிவப்புக் கோட்டால் மூன்று அடி அடித்து, “இது ஏன் இவ்வளவு கூர்மை?” என்று மட்டும் கேட்டு நிறுத்திவிட்டார். எழுத்துப் பிழைக்கு நான் போடும் கோடும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். பதில் பேச முடியவில்லை.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. ஷார்தானின் நண்பர் கொஷான் அவரைப் பற்றி எழுதிய குறிப்பில் ஒரு தகவல் வருகிறது. இளம் வயதில் ஒரு முயலை வரைய உட்கார்ந்த ஷார்தான், இதுவரை பார்த்த ஓவியங்களையும் இவற்றை மற்றவர்கள் வரைந்த விதத்தையும் மறந்துவிட வேண்டும், நுணுக்கங்கள் தெரியாத தூரத்தில் பொருளை வைத்துப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தாராம். ஆசிரியை இதை மூன்றாம் பகுதியின் கடைசிக் காணொளியில், சுவாரசியமான துணுக்கு என்ற அளவில், சொல்லிவிட்டுப் போகிறார். கோர்ஸின் முதல் காணொளியில் வந்திருக்க வேண்டியது. ஷார்தானைப் போல வரைவது என்றால் பழுப்புப் பூசுவதா, முயலை மூன்று அடி தள்ளி வைப்பதா என்ற கேள்வியை வைத்துக்கொண்டே இரண்டாம் பகுதியைச் செய்திருந்தால், அந்தக் குறுக்கு வழியைக் கற்றுத்தர அவருக்கே மனம் வந்திருக்காது.

நான்காம் பகுதி சின்னது. அம்பர் போன்ற பழுப்புகள் காய்ந்ததும் எண்ணெய் அடியில் உறிஞ்சப்பட்டு மங்கிப்போகும். துளி எண்ணெயைத் துணியால் மெலிதாகத் தேய்த்துத் துடைத்தால் நிழல்கள் திரும்ப ஆழமாகும். இதைத் தெளிவாகக் காட்டுகிறார். கெட்டிச் சாயம் முழுசாகக் காய ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம்வரை விட்டு வார்னிஷ் அடியுங்கள் என்பதும் பத்திரமான அறிவுரைதான். மற்றபடி சட்டம் போடுவது, புகைப்படம் எடுப்பது என்று நேரத்தை நிரப்பியிருக்கிறார்கள்.

படப்பிடிப்பு பற்றி. கேமரா பேலட்டையும் பலகையையும் ஒன்றாகக் காட்டுவது நல்ல பழக்கம். எந்தக் குவியலிலிருந்து எடுக்கிறார் என்பது தெரிகிறது. ஆனால் ஈரத்தின்மேல் ஈரம் வைத்து விளிம்பைக் கரைக்கும் இடங்களை வேகமாக ஓட்டிவிடுகிறார்கள், பின்னணியில் பியானோவும். சுவரைப் பூசும்போது வேகமாக ஓட்டட்டும், யார் கேட்டார்கள்? விளிம்பு வரும்போது அவர் பிரஷை எவ்வளவு அழுத்துகிறார், துடைத்துவிட்டு வைக்கிறாரா, துடைக்காமலா என்றுதான் பார்க்க வேண்டியிருக்கிறது. காணொளியின் வேகத்தைப் பாதியாகக் குறைத்துச் சமாளித்தேன். அப்போது பியானோ கேட்கச் சகிக்காது. ஒலியை நிறுத்திவிடுங்கள்.

இதுவரை பென்சிலே பிடிக்காதவருக்கு இது கடினம். நீள்வட்டம், சமச்சீர் எல்லாம் தெரிந்ததாக வைத்துக்கொண்டுதான் பேசுகிறார். ஓரளவு வரையத் தெரிந்து, ஆயிலுக்கு வர ஒரு கைப்பிடி தேடுகிறவருக்கு நம்பிச் சொல்வேன். சேருகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: காணொளிகள் ஒரு வருடம் திறந்திருக்கும், திருத்தமோ முதல் சில மாதங்களுக்கு மட்டும். வெள்ளிக் கோப்பையைப் பூரணமாக்குகிறேன் என்று அந்த மாதங்களை அதிலேயே கழித்துவிடாதீர்கள். ஒற்றை நிறப் பிரதியை முடித்ததும் நேராக மூன்றாம் பகுதிக்குத் தாவி, செம்போ முட்டையோ கையில் கிடைத்ததை வைத்து வரைந்து அனுப்பிக்கொண்டே இருங்கள். கோப்பை லூவரில்தான் இருக்கிறது, திருத்தம் நின்ற பிறகும் வரையலாம்.